தூக்கி மாட்டிய நாற்காலி

ஏற்காட்டிலிருந்து வாழவந்தி போகும் வழியில், காப்பித் தோட்டம் ஒன்றுக்குள் பழைய செபக்கூடம் ஒன்று இன்னும் நிற்கிறது. சுவர்களில் ஆள் உயரத்தில் வரிசையாக மரமுளைகள். அவற்றில் ஒன்றில் மட்டும் ஒரு மர நாற்காலி தலைகீழாகத் தொங்குகிறது. அதை மாட்டியவரை அங்கே அழைத்துப் போனவன் நான்தான். இப்போது அந்த நாற்காலியைப் பற்றி ஊரில் சொல்லும் கதை காதில் விழும்போதெல்லாம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரிவதில்லை.

ஏற்காடு ஏரிக்கரையில் ஜீப் ஓட்டுகிறேன். வாய் கொஞ்சம் நீளம். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இடத்தைக் காட்டினால் போதாது, கதையும் வேண்டும். எனக்கு முன்னால் ஓட்டியவர்கள் சொன்ன கதைதான்: அங்கே குலுக்குச் சபை என்று ஒரு கூட்டம் இருந்தது, கல்யாணம் கூடாதென்று ஆணும் பெண்ணும் தனித்தனியாக வாழ்ந்தார்கள், செபம் செய்யும்போது உடம்பு குலுங்க ஆடுவார்கள், கடைசியில் எல்லாரும் ஒரே நாளில் அந்த முளைகளில் தூக்கு மாட்டிக்கொண்டார்கள். நான் அதற்குக் கண், காது, மூக்கு வைத்தேன். வெள்ளிக்கிழமை அழுகைச் சத்தம், வாசலில் ஈரக் கால்தடம் எல்லாம் என் கைச்சரக்கு.

பனி மூடிய ஒரு காலையில் சேலம் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு முதியவர் என் ஜீப்பில் ஏறினார். வெள்ளைப் புடவை, மடியில் ஒரு துணிப்பை. “எங்கம்மா போகணும்?” என்றேன்.

“அம்மான்னு வேண்டாங்க கண்ணு. அக்கான்னு கூப்புடுங்க.”

எண்பதைத் தாண்டியவருக்கு வந்த ஆசையைப் பார் என்று சிரிப்பு வந்தது. “சரிங்கக்காஆ” என்று கேலியாக நீட்டினேன். அவர் கோபித்துக்கொள்ளாமல், அந்தச் செபக்கூடத்துக்குப் போகச் சொன்னார். பாதி வழியில் மெதுவாகக் கேட்டார். “அந்தக் கூடத்துல யாரு இருந்தாங்கன்னு ஊருல இன்னும் பேசறாங்களா?”

எனக்கு அது போதாதா! ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து ஆட்டியபடி கடைசி வளைவு வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன். அவர் பாதையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காவலாளி பூட்டைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போனான். கூடத்துக்கு அடுத்தடுத்து இரண்டு வாசல்கள். நான் இடது வாசலில் கால் வைத்தேன்.

“அது பொண்ணுங்க வாசலுங்க. நீங்க அந்தப் பக்கமா வாங்க.”

உள்ளே நடந்தபடியே அவர் தன் கதையைச் சொன்னார். கைக்குழந்தையாக அந்த வாசலில்தான் அவரை யாரோ விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அங்கே எவருக்கும் தனிச் சொத்து கிடையாது. அம்மா, அப்பா என்ற பேச்சும் கிடையாது. கிழவரும் அண்ணன், குழந்தையும் அக்கா. வளர்ந்த பிள்ளைகள் போக விரும்பினால் போகலாம். போனார்கள். மற்றவர்கள் முதுமையில் ஒவ்வொருவராக இறந்து, பின்னாலிருக்கும் சரிவில் புதைக்கப்பட்டார்கள். மிஞ்சிய இந்த அக்கா சேலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார்.

“எனக்கப்புறம் சொல்ல ஆளில்லீங்க. எங்களுக்கு அதுதான் ஊடு. யாருக்காச்சும் நெனப்பிருக்குதான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார்.

பிறகு காவலாளியின் நாற்காலியைத் தூக்கினார். கை கொடுக்கப் போனேன். வேண்டாமென்று தலையசைத்து, தலைகீழாகத் திருப்பி முளையில் மாட்டினார். மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்துக் கூட்டத் தொடங்கினார்.

“நாற்காலியத்தானுங்க தூக்கி மாட்டுனோம், எங்கள இல்ல. கீழ நின்னா அதுக்கடியில குப்பை தங்கிப்போயிருமுங்க. இந்த முளை ஆள் ஒசரந்தானே, கண்ணு? காலு தரையில படாதா?”

எத்தனை வருடம் சொல்லியிருப்பேன்! ஒரு தடவையாவது அந்தச் சுவரை நிமிர்ந்து பார்த்து யோசித்தேனா? தூக்கி மாட்டியது எவன் வாயிலோ தூக்கு மாட்டியதாகிவிட்டது. அதைச் சுமந்து திரிந்த வாய் என்னுடையது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். “இனிமே கூட்டறதுக்குன்னு சொல்லுங்க, போதும்” என்றார். சொல்கிறேன் என்றேன்.

சொன்னேன். பத்துப் பேரில் எட்டுப் பேர் கொட்டாவி விட்டார்கள். போகப் போக நானும் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். ஒரு நாள் காப்பித்தூள் வாங்கிக்கொண்டு அந்த இல்லத்துக்குப் போனபோது அக்கா இறந்துபோயிருந்தார். அவருடைய ஆட்களைப் பற்றிச் சொல்ல இனி நான் ஒருவன்தான்.

இதற்குள் இன்னொன்றும் நடந்துவிட்டது. அன்று நாங்கள் கிளம்பிய பிறகு டீ குடித்துத் திரும்பிய காவலாளி, ஆளில்லாத கூடத்தில் தன் நாற்காலி தொங்குவதைப் பார்த்து அலறியிருக்கிறான். நான் விளக்குவதற்குள் பேச்சு ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கிவிட்டது. விளக்கிய பிறகும் அவன் அதைத் தொடவில்லை.

போன வாரம் ஒரு குடும்பத்தை அங்கே கூட்டிப் போயிருந்தேன். பக்கத்தில் இன்னொரு டிரைவர் தன் ஆட்களுக்கு நாற்காலியைக் காட்டிக்கொண்டிருந்தான். “தூக்கு மாட்டிக்கிட்டப்ப எட்டி உதைச்ச நாற்காலிங்க இது. ராத்திரியானா தானா ஏறி மாட்டிக்குமுங்க.” என்னோடு வந்தவர்களும் அவன் பக்கம் நகர்ந்தார்கள்.

நாற்காலியை இறக்கிவிடலாமா என்று கை போனது. இறக்கினால் வெறும் முளை. பழைய கதை அதற்குத் தயாராக இருந்தது.

“ஏங்க, இதை நீங்க சொல்லவே இல்லியே?” என்றார் என் வண்டியில் வந்த பெண்.

“கூட்டறதுக்கு மாட்டினதுங்க” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அந்த டிரைவர்தான் அதிகமாகச் சிரித்தான். அவனுக்கு அந்தப் பழைய தூக்குக் கதையைச் சொல்லிக் கொடுத்தவன் நான்.