மன்னனூரில் காற்றுக்காகக் காத்திருந்த காலை

2010 மார்ச்சில், தெலுங்கு நாட்டில் நாங்கள் குடியிருக்கும் திருமுல்கேரியிலிருந்து ஸ்ரீசைலம் கோயிலுக்குக் கிளம்பினோம். என் மனைவி மங்கைக்கு ஆஸ்துமா. குளிர்காலத்தில் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தபின் அவள் வெளியூர் எங்கும் போகவில்லை. நான் விடவில்லை என்பதுதான் சரி. டாக்டர் சம்மதித்ததும் அவளே இந்தப் பயணத்தை முடிவு செய்தாள்.

வாடகைக் கார். போக வர நானூற்று அறுபது கிலோமீட்டர், மூவாயிரத்து இருநூறு ரூபாய். ஓட்டுநர் அந்தோணி, இங்கேயே ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழர்; பேச்சில் இந்த ஊர் உருது எட்டிப்பார்க்கும். காலை ஐந்தரைக்குக் கிளம்பி, எட்டரைக்கு வழியில் டிண்டி என்ற ஊரில் இட்லி சாப்பிட்டோம்.

டிண்டியைத் தாண்டியதும் மங்கை கண்ணாடியை ஏற்றினாள்.

"எங்கயோ சருகு எரியுது."

எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. "வயல்ல எதையாவது கொளுத்தியிருப்பாங்க" என்றேன். ஆனால் சற்று தூரத்தில் வெயில் மஞ்சளடித்து, சாயங்காலம் போலாகிவிட்டது. மலைகளின் விளிம்பே தெரியவில்லை.

மன்னனூர் வனச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தி, அந்தோணி காவலரிடம் தெலுங்கில் விசாரித்து வந்தார்.

"தீ ரொம்ப தூரம் சார், மேற்கு மலையில. ரோடு திறந்துதான் இருக்கு. காத்து இந்தப் பக்கம் அடிச்சா மட்டும் புகை ரோட்டு மேல வருமாம்."

"எப்ப மாறும்?"

"கேட்டேன் சார். காத்துக்கு டூட்டி டைம் கிடையாதுன்னுட்டார்."

நான் பள்ளி ஆசிரியன். வகுப்பில் கரும்பலகையை அழித்தால், பக்கத்தில் நிற்கும் எனக்கு ஒன்றும் ஆகாது. மின்விசிறிக் காற்று போகும் திசையில் கடைசி பெஞ்சில் இருப்பவன் தும்முவான். புகையும் அப்படித்தான். தீயின் தூரத்தைவிடக் காற்றின் திசைதான் முக்கியம். இதை விளக்கிவிட்டு, திரும்பிவிடலாம் என்றேன்.

"சார் சொல்றது சரிம்மா. ரிஸ்க் நக்கோ, வேண்டாம்" என்றார் அந்தோணி.

"நீங்க வண்டிய மட்டும் ஓட்டுங்க அந்தோணி. ஏங்க, இன்னிக்கு நீங்க திருப்பிட்டா, நாளைக்குப் பனின்னுவீங்க, அடுத்த மாசம் தூசின்னுவீங்க. நான் ஜன்னலோடயே கிடக்க வேண்டியதுதான். பதினொண்ணு வரைக்கும் பார்ப்போம். போறதா வேண்டாமான்னு நான் சொல்றேன்."

"ஹவ்மா, சரிம்மா" என்று அந்தோணி உடனே கட்சி மாறினார்.

கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தோம். பத்தரை மணிக்குக் காற்று மாறி, சாவடியோர டீக்கடைத் தார்ப்பாய் எதிர்ப்பக்கமாகப் படபடத்தது. மலை விளிம்பு மெல்லத் தெரிந்தது. எனக்கே உற்சாகம் வந்து, கிளம்பலாமா என்றேன்.

மங்கை காட்டுப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வர்ற லாரியெல்லாம் லைட் போட்டுட்டு வருது பாருங்க. இங்கதான் தெளிஞ்சிருக்கு, உள்ள இல்ல."

அடுத்து வந்த பேருந்திலும் விளக்கு எரிந்தது.

"திருப்புங்க அந்தோணி. கோயிலுக்குத்தான் போகலையே, டிண்டியில மீன் வறுவல் கிடைக்குமா?"

கோடையில் இந்த நல்லமலைக் காட்டு வழியே போகிறவர்களுக்கு: மூச்சுத் தொல்லைக்கான மருந்து கைப்பையில் இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம். மன்னனூருக்கு அப்பால் அறுபது கிலோமீட்டருக்குக் குறையாமல் காடு. ஒதுங்க இடம் குறைவு. நிற்கும் இடத்து வானத்தை மட்டும் பார்த்துப் புறப்படாதீர்கள், எதிரே வரும் வண்டிகளையும் பாருங்கள். போவதா திரும்புவதா என்பதை, மூச்சு யாருடையதோ அவரிடமே விடுங்கள். நான் அன்றைக்குத்தான் விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மழை பெய்தது. மாலையில் மங்கை சொன்னாள்: "நாளைக்கு அஞ்சரைக்கு அந்தோணி வர்றார். நீங்களும் வர்றீங்களா?"