ஸ்டேரிங்கில் ஒட்டிய பதக்கம்

உள்ளறையிலிருந்து தகரப் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டதும், சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்த கேதரினின் கைகள் அப்படியே நின்றுவிட்டன. அவள் கணவர் சிரில் தன் வெள்ளைச் சீருடைகளை எடுத்துவைக்கிறார். நாளைக் காலை முதலாளி தர்மலிங்கத்திடம் அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டிரைவர் வேலையை விட்டுவிடப் போகிறார்.

பதினான்கு வருட வேலை. பாடாங் செராய் தோட்டத்தில் ரப்பர்ப் பால் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவரை, எழுபத்து நான்கில் முதலாளி தன் காருக்கு அழைத்துக்கொண்டார். மழை நாளில் சாலையோரம் நடக்கும் பெண்கள் மேல் சிரில் ஒரு சொட்டுச் சேறு தெறிக்க விட்டதில்லை. போன வருடம் புது ஜெர்மன் கார் வந்தது. மோதினால் ஸ்டேரிங்கிலிருந்து காற்றுப்பை விரிந்து ஓட்டுபவரைக் காக்கும் என்றார்கள். சிரிலுக்கு அது போதவில்லை. ஸ்டேரிங்கின் நடுவில் ஓர் அந்தோணியார் பதக்கத்தைப் பசை தடவி ஒட்டினார்.

ஞாயிறன்று சிரில் பூசைக்குப் போயிருந்ததால் முதலாளியே காரை ஓட்டினார். கூலிம் சந்திப்பில் மர லோரி ஒன்று பக்கவாட்டில் இடித்தது. அவர் கை முறிந்தது. காற்றுப்பை விரியவே இல்லை. தன் பதக்கம்தான் அதை அடைத்துவிட்டது என்று, மூன்று நாளாக சிரில் சரியாகச் சாப்பிடவில்லை.

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. காரைப் பழுதுபார்க்கும் பஷீர் உள்ளே வந்து, பதக்கத்தை மேசைமேல் வைத்தார்.

“அண்ணே, இந்தாங்க உங்க சாமி. ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? கை ஒடிஞ்ச முதலாளி உங்கள விட நல்லா சாப்புடுறாருலா.”

“என்னாலதான் பஷீர். இது இல்லன்னா பை விரிஞ்சிருக்கும்.”

“யாரு சொன்னா? முன்னால மோதி, காடி சட்டுனு நின்னாத்தான் அது விரியும். முன்பக்கம் ஒரு கீறல் இல்ல. லோரி இடிச்சது கதவுல. சைட்ல எவ்வளவு பலமா இடிச்சாலும் இந்தப் பைக்குத் தெரியாது. நீங்க ஒட்டாட்டியும் விரிஞ்சிருக்காது.”

கேதரினின் கண்கள் நிறைந்தன.

“ஆனா ஒண்ணுண்ணே. நேரா மோதியிருந்தா, பை விரியிற வேகத்துல இந்தப் பதக்கம் அவரு மூஞ்சிலயே அடிச்சிருக்கும். அங்க எதையும் ஒட்டக்கூடாது. அது முதலாளிக்குத் தெரியாது. நீங்களும் சொல்லாதீங்க.”

சிரில் மேசைமேலிருந்த பதக்கத்தைக் கையில் எடுத்தார்.

“வேலைய நானா விடமாட்டேன். ஆனா சொல்லணும் பஷீர். அவரு உக்காந்த எடத்துல ஆபத்த ஒட்டினவன் நான். கேட்டுட்டு அவரே அனுப்பினா, போயிடுறேன்.”

வேலை போய்விடுமே என்று இத்தனை நாள் பயந்துகிடந்த கேதரினுக்கு, அந்தச் சொல்லைக் கேட்டதும் பயமெல்லாம் கரைந்தது. இப்படிப்பட்ட மனிதருக்கு அல்லவா வாழ்க்கைப்பட்டோம் என்று நெஞ்சு விம்மியது.

“அப்ப வெள்ளனவே போங்க,” என்றாள். “அவரு பசியாற உக்கார்றதுக்கு முன்னாடி சொல்லிடுங்க.”

“நல்ல ஜோடிலா நீங்க,” என்று பஷீர் சிரித்தபடி செருப்பை மாட்டிக்கொண்டார். மோட்டார் சத்தம் தெருமுனையில் அடங்கும்வரை நின்றிருந்துவிட்டு, கேதரின் கதவைச் சாத்தினாள்.