சாத்தாங்காட்டில் எல்லோருக்குமாக எடுத்த எக்ஸ்ரே

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாத்தாங்காடு இரும்புச் சந்தைக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுகாதார மையத்தில் செவிலியராக இருக்கும் என் கல்லூரித் தோழி கவிதா, "நாங்க வேலை செய்யிற லட்சணத்தைப் பார்க்கணும்னா வா" என்று கூப்பிட்டாள்.

திருவொற்றியூர் மெட்ரோவிலிருந்து சந்தை சுமார் மூன்று கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய் கொடுத்தேன். காலை எட்டுக்கெல்லாம் டிரெய்லர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கின்றன.

முந்தைய வாரம் சமூகக் கூடத்தில் இலவசக் காசநோய் முகாம் நடந்திருக்கிறது, பத்து மணி முதல் ஒரு மணி வரை. லோடு இறக்குகிற நேரமும் அதுதான். சுமைதூக்கும் கேங் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே ஒருவர் வந்து படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அதனால் இந்தமுறை, கையில் தூக்கிவரக்கூடிய எக்ஸ்ரே கருவியோடு கவிதாவின் குழு லாரியடிக்கே வந்துவிட்டது. இரண்டு மாதமாக இருமிக்கொண்டிருக்கும் மணி என்பவரைத்தான் முக்கியமாகத் தேடினார்கள்.

"எங்க கேங்குக்கு எட்த்தாச்சுமா," என்றார் மணி. "மேஸ்திரி போயி எட்த்துக்கினு வந்தாரு. ஒண்ணும் இல்லியாம்."

"அது அவருக்குண்ணே. உங்களுக்கு?"

"இன்னாமா நீ? எடைமேடைல ஒர்த்தர் போயி சீட்டு வாங்கியாந்தா மொத்த லோடுக்கும் அதானே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கவிதா சிரிக்கவில்லை. எடைச்சீட்டு, டீ, கூலி எல்லாவற்றையும் அங்கே ஒருவர்தான் எல்லோருக்குமாகப் போய் வாங்கிவருவார். முகாமுக்குப் போய்வந்த மேஸ்திரியோ கேங்கிலேயே கல்லுக்குண்டு போன்ற ஆள்.

லாரி மறைவில் படம் எடுத்தார்கள். நுரையீரலின் மேல்பகுதியில் நிழல். "சளி டெஸ்ட்ல உறுதியாகணும்ணே. காசநோயா இருந்தா மாத்திரை இங்கயே கொண்டாந்து தரோம், குணமாயிடும்," என்றாள் கவிதா.

மணி தன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "ஒரே ரூம்புமா. சின்னது என் நெஞ்சு மேலதான் தூங்கும்."

"நாளைக்கு வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்கறேண்ணே."

"நாளைக்கு இன்னாத்துக்கு? இப்பவே வா."

பாதிக் கம்பிகள் இன்னும் லாரியில் கிடந்தன. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தார். மேஸ்திரி ஒதுங்கி வழிவிட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: மூடிய செருப்பு அவசியம், லாரி பின்னால் வருகிறதா என்று பார்த்து நடங்கள். முகாம் நடத்துபவர்களாக இருந்தால், ஊருக்கெல்லாம் ஒரே நேரத்தில் கதவைத் திறந்து வைத்துவிட்டு யாரும் வரவில்லை என்று குறைப்படாதீர்கள். அவர்கள் எப்போது, எங்கே நிற்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

மணிக்குக் காசநோய் உறுதியானது. குழந்தைக்கு நோய் இல்லை, தடுப்பு மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். இப்போதைக்கு மணி வாசலில் படுத்துக்கொள்கிறாராம். குழந்தை உள்ளேயிருந்து "நைனா, நைனா" என்று கூப்பிட்டுக்கொண்டே தூங்கிப்போகிறதாம்.