துட்டி வீட்டில் சொல்லாத சொல்

குற்றாலத்தில் லாட்ஜ் போர்வைகளைத் துவைத்துப் பிழைப்பவள் ஆவுடைத்தாய். அவள் புருஷன் மணிமுத்து அங்கே ஒரு லாட்ஜில் எண்ணெய் தேய்த்துவிடும் வேலை பார்த்தான். சாரல் கூட்டம் அலைமோதிய ஒரு நாள், வெந்நீர் ஹீட்டரின் பழுதான ஒயரைத் தொட்டு, கரண்ட் அடித்துச் செத்தான். பழுது முதலாளி பேச்சிராஜுக்குத் தெரியும். முந்தின வாரம் ஆவுடைத்தாயே அவரிடம் சொல்லியிருந்தாள்.

"சீசன் முடியட்டும் தாயி, மாத்திருவோம்" என்றார்.

வழக்கு கோர்ட்டுக்கு வந்தது. கூட வேலை பார்த்த வல்லிநாயகம், ஒயரைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டுக் கூண்டிலிருந்து இறங்கினான். இன்றும் அந்த லாட்ஜில்தான் இருக்கிறான். மிஞ்சியது ஆவுடைத்தாயின் வாய்ச்சொல் மட்டும். அதை நம்பினால் பேச்சிராஜுக்குத் தண்டனை, இல்லாவிட்டால் விடுதலை.

எதிரியான பேச்சிராஜின் வக்கீல் ஒயர் பக்கமே போகவில்லை.

"பேச்சிராஜ் துட்டி கேக்க உங்க வீட்டுக்கு வந்தாரா?"

"வந்தாரு."

"உங்க ஆளுகளோட உக்காந்தாரா?"

"உக்காந்தாரு."

"என் புருஷனைக் கொன்னுட்டீரு, வெளிய போரும்னு சொன்னீங்களா?"

"துட்டி வீட்டுல யாரையும் வாங்கன்னும் சொல்ல மாட்டோம், போங்கன்னும் சொல்ல மாட்டோம்யா."

"வழக்கத்தைக் கேக்கலம்மா. சொன்னீங்களா, இல்லையா?"

"சொல்லல."

'எதிரி என் வீட்டிற்கு வந்து துக்கம் விசாரித்தார் என்றால் சரிதான். நான் அவரை வெளியேறச் சொல்லவில்லை என்றால் சரிதான்' என்று தட்டச்சானது. அவள் சொன்ன காரணம் தாளில் ஏறவில்லை. கேட்ட வக்கீலும் தென்காசியில் பிறந்து வளர்ந்தவர். அரசு வக்கீலும் அப்படியே. அவர்கள் வீட்டுத் துட்டியிலும் அதே வழக்கம்தான். நீதிபதி வெளியூர்க்காரர், அவருக்குத் தெரியாது. தெரிந்த இருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆம், இல்லை என்று இரண்டே வாசல் வைத்து, இரண்டிலும் நுழையாத உண்மையை வெளியே நிறுத்திவிட்டு, அதற்கு விசாரணை என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

பேச்சிராஜ் விடுதலையானார். துக்க வீட்டில் அவர்மேல் குறை சொல்லாதவள் பின்னால் யோசித்துச் சொன்ன கதை இது என்றது தீர்ப்பு.

அடுத்த சாரலில் ஆவுடைத்தாயின் மாமியார் இறந்தாள். பேச்சிராஜ் மாலையோடு வந்தார். வழக்கில் ஜெயித்தவர் பெருந்தன்மையும் காட்ட வேண்டாமா? பிணத்தின் மேல் மாலையைப் போட்டுவிட்டு, ஆண்கள் நடுவே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

ஒப்பாரி வட்டத்திலிருந்து ஆவுடைத்தாய் எழுந்தாள். நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"போங்க" என்றாள்.

ஒப்பாரி நின்றது.

"ஏட்டி, துட்டி வீட்டுல பேசுத பேச்சா இது?" என்றாள் அவளுடைய நாத்தி முத்துவடிவு.

"போன தடவ சொல்லாம இருந்ததுக்குத்தான் மைனி கோர்ட்டுல என்னையப் பொய்க்காரியாக்குனாங்க. இப்பம் ஊரறியச் சொல்லுதேன். அண்ணாச்சி, எந்திரிச்சுப் போங்க."

பேச்சிராஜ் சுற்றிலும் பார்த்தார். உட்காருங்க என்று சொல்வதும் துட்டி வீட்டில் வழக்கமில்லை. ஒருவரும் சொல்லவில்லை. அவர் எழுந்து தூறலில் இறங்கினார்.