உதடு ஒட்டும் பேர்

செங்கம் ரோட்டு விடுதியில் அறை கூட்டித் துடைக்கும் சந்திரம்மாளுக்குச் சினிமா ஆசை எதுவும் கிடையாது. அங்கே வந்து தங்கிய படக்காரர்கள்தான் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் கையில் காசு கம்மி. கதையோ, உலகமே தண்ணீரில்லாமல் செத்துப்போவது. அடி அண்ணாமலைப் பக்கம் வற்றிக்கிடந்த ஏரியில் பிணங்கள் எழுந்து நடக்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் முகத்திலேயே சாம்பலைப் பூசி நடக்கவிட்டார்கள். சந்திரம்மாளுக்கு ஒரே வேலை, அந்தக் கூட்டத்தோடு போகிற பிள்ளையைக் கரையில் நின்று கூப்பிட வேண்டும்.

என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று கேட்டாள். வாயில் வருகிற பேரைச் சொல்லுங்கள் என்றார் உதவி இயக்குநர் சுரேஷ்குமார்.

வாயில் வந்தது சின்ன மகன் பேர். "மாறா... வந்துட்றா!"

நிலத் தகராறில் அண்ணன்காரனோடு கட்டிப்புரண்டு, வீட்டை விட்டுப் போனவன் மாறன். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். எங்கே இருக்கிறான், சாப்பிட்டானா என்றுகூடத் தெரியாமல் நாலு வருஷமாக ஏங்கிக் கிடந்தவள் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? திரும்பவே கூடாது என்று சொல்லி வைத்திருந்த பிணங்களில் பாதி திரும்பிப் பார்த்துவிட்டது.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு, படம் ஓட வேண்டும். ஓடினால் எந்த ஊரில் இருந்தாலும் அவன் காதில் விழும். பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றி அண்ணாமலையாரிடம் இதையே கேட்டாள். காசு போட்டவர்கூட அப்படி வேண்டியிருக்க மாட்டார்.

'வெறுங்குடம்' என்று பேர் வைத்துப் படம் வந்தது. முதல் நாளே லீவு சொல்லிவிட்டுத் தியேட்டருக்குப் போனாள். திரையில் அவள் வாய் திறந்தது. யாரோ ஒருத்தியின் குரல் "பாலா... வந்துட்றா" என்றது.

சுரேஷ்குமாருக்குப் போன் போட்டாள். ஏரியில் காற்றுச் சத்தம் ஜாஸ்தியாம், சென்னையில் வேறொரு அம்மாவைப் பேசவைத்தார்களாம். கதைப்படி பிள்ளையின் பேர் பாலாவாம். "மாறான்னாலும் உதடு ஒட்டும், பாலான்னாலும் உதடு ஒட்டும். யாருக்கும் வித்தியாசமே தெரியாதுங்கம்மா" என்றார் பெருமையாக. அவர் தொழில் அவருக்கு.

படம் ஓடு ஓடென்று ஓடியது. தெலுங்குக்காரர்கள் வாங்கிப்போனார்கள். செல்போனைத் திறந்தால் அந்தக் கூப்பாடுதான். ஸ்கூல் பிள்ளைகள்கூட அவளைப் பார்த்தால் "பாலா வந்துட்றா" என்று கத்திச் சிரித்துவிட்டு ஓடின. கேட்ட வரத்தைச் சாமி குறையில்லாமல் கொடுத்துவிட்டது, பேரை மட்டும் விட்டுவிட்டது.

ஒரு மத்தியானம் கட்டில் விரிப்பை உருவிக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. மாறன்தான். ஓசூரில் கம்பெனி வேலையாம், படம் பார்த்தானாம்.

"யாரும்மா அந்த பாலா?"

"உன்னத்தான்டா கூப்ட்டேன். அவங்க பேர மாத்திட்டாங்க."



"அன்னிக்கு பஸ் ஏறுற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்தேன். நீ வாசல்லியேதான் நின்னுனு இருந்த. ஒரு வாட்டி இப்படி கூப்ட்டிருந்தா போயிருப்பனாம்மா?"

யாரோ படுத்து எழுந்துபோன கட்டிலில் அவள் உட்கார்ந்துவிட்டாள். "மாறா" என்றாள். ஊரே சொல்லிச் சிரித்த அந்த அடுத்த வார்த்தை அவளுக்கு வரவில்லை, அழுகைதான் வந்தது.