ஆடியில் அப்டேட் ஆகாதாம்!

போன வாரம் எங்கள் வீட்டு மாடியில் ஒரு பெண்ணின் வேலை போனது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாடியை ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். கோவில்பட்டியில் சாஃப்ட்வேரா என்று சிரிக்காதீர்கள்... நாங்கள் தீப்பெட்டி மட்டும்தான் செய்ய வேண்டுமா?

முத்துச்செல்வி அங்கே வேலை பார்த்தவள். இடைசெவலில் இருந்து பஸ்ஸில் வருவாள். மதியச் சாப்பாடு கீழே என்னோடுதான். “இந்த வேலை இருக்கப் போய்த்தான் அய்யா இன்னும் மாப்ள பாக்காம இருக்காவ, யக்கா” என்பாள். அய்யா என்றால் அவள் அப்பா.

யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்று காத்து வைக்க வெர்ஷன் கன்ட்ரோல் என்றொரு மென்பொருள் உண்டாம். அதன் பழைய பதிப்பில் ஓட்டை என்று செய்தி வந்திருக்கிறது. இவள் முதலாளியிடம் போய் நின்றாள். மாடிப்படியில்தான் பேச்சு. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

“சார், எல்லா கம்ப்யூட்டர்லயும் அப்டேட் போட்டுருவோம். அதுக்கு பாஸ்வேர்டு உங்ககிட்டல்லா இருக்கு?”

“ஏம்மா, ஆடி மாசத்துல யாராவது புதுசு ஏத்துவாவளா? ஓடுத வண்டிய நோண்டாத. ஆவணி பொறக்கட்டும், பாத்துக்கிடலாம்.”

காய்ச்சல் வந்தால் மாத்திரை போட ஆவணி வரை காத்திருப்பாரா இந்த மனிதர்?

சில நாளில் ஒரு புது கஸ்டமர் புராஜெக்ட் அனுப்பினார். அப்டேட் போட்டுவிட்டு அதைக் கம்ப்யூட்டரில் இறக்குகிறேன் என்று மறுபடி கெஞ்சியிருக்கிறாள். “சொன்னதச் செய்யி” என்றாராம். இறக்கினாள். உள்ளே ஒளிந்திருந்த ஏதோ ஒன்று அந்த ஓட்டை வழியாகத் தானாக ஓடி, மற்ற கஸ்டமர்களின் பாஸ்வேர்டுகளை வழித்துக்கொண்டு போய்விட்டது.

பாஸ்வேர்டு பறிபோன பெரிய கஸ்டமர் ஒருவர் போனில் கத்தினார். யார் கம்ப்யூட்டரிலிருந்து போனது என்று கேட்டார். முதலாளி யோசிக்கவே இல்லை — முத்துச்செல்வி பெயரைச் சொன்னார். மதியத்துக்குள் அவளை அனுப்பியும் விட்டார்.

டிபன் பாக்ஸைத் திறக்காமலே கீழே இறங்கி வந்தாள். “அய்யாகிட்ட என்னன்னு சொல்லுவேன், யக்கா?” என்றாள்.

அன்று சாயங்காலமே எல்லா கம்ப்யூட்டரிலும் அப்டேட் ஏறியது. முதலாளியைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்குமா?

“என்ன அண்ணாச்சி, ஆடி அதுக்குள்ள முடிஞ்சிட்டா?”

“ஆபத்துக்குப் பாவமில்ல, யக்கா.”

அவருக்கு ஏது பாவம்? அதைத்தான் அந்தப் பெண்ணின் தலையில் கட்டி, மத்தியான பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டாரே!