டைரக்ட் ஃபிளைட்டில் வந்த அண்ணன்

விமானத்தில் டைரக்ட் வேறு, நான்-ஸ்டாப் வேறு. பத்தாவதோடு படிப்பை விட்ட எனக்கு, அப்பா இறந்த வியாழக்கிழமை காலையில் பாரிஸிலிருந்து அண்ணன்தான் இதைப் போனில் சொன்னான்.

"நான்-ஸ்டாப்புல எடம் இல்லடா. டைரக்ட்தான் கெடச்சுது. வேற பிளேன் மாற வேணாம், ஆனா நடுவுல ஒரு ஊர்ல எறங்கி நாலு மணி நேரம் நிக்கும். நான் வர நாளைக்கு சாயங்காலம் ஆறு ஆயிடும். எனக்காக வெச்சிருங்க."

முதலியார்பேட்டை வீட்டு வாசலில் சித்தப்பா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கும் கடைக்காரரோடு நின்றிருந்தார். போஸ்டர் ஒட்டிவிட்டால் அதில் போட்ட நேரத்துக்கு எடுத்தாக வேண்டும்.

"எதுல வர்றானாம்?"

"டைரக்ட் ஃபிளைட்டு, சித்தப்பா. ஆனா..."

"அப்பறம் என்ன! நம்ம மெட்ராஸ் பஸ்ஸு மாதிரி. திண்டிவனத்துல ஒண்ணுக்கு வுடக்கூட நிக்க மாட்டான்." துக்கத்துக்கு வந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். "ரெண்டு மணிக்கு வந்துருவான். நாலுன்னு போடுப்பா."

பத்துப் பேர் முன்னால் எனக்கு நாக்கு எழாது. பிறகு தனியாகச் சொல்லலாம் என்று இருந்தேன். மதியத்துக்குள் பெரிய மார்க்கெட் வரை ஒட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் சொல்ல இன்னும் பயமாகிவிட்டது.

மறுநாள் மூன்று மணிக்கு அண்ணன் சென்னையில் இறங்கிக் கூப்பிட்டான். அப்போதுதான் சித்தப்பாவிடம் சொன்னேன்.

"இத இப்ப வந்து சொல்றியா? இருட்டுறதுக்குள்ள எரிச்சாவணும். நாளைக்குன்னா சனிக்கெழம. சனிப் பொணம் தனியாப் போவாது. நீயே கொள்ளி வைடா."

அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன் என்பது எங்கள் வழக்கம். அம்மா இறந்தபோது நான்தான் வைத்தேன். அண்ணனுக்கு இருந்தது இந்த ஒன்றுதான். அதையும் நானே வைத்தேன்.

அவன் வந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தோம். ஐஸ் பெட்டி இருந்த இடம் இன்னும் காயவில்லை. அங்கேயே பையோடு நின்று, மழித்த என் தலையைப் பார்த்தான்.

"நீ சொல்லலியாடா?"

"சொல்லலண்ணா."

அவன் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பால் தெளிக்கப் போன அன்று சாம்பல் பக்கத்தில் சொம்போடு நின்று கேட்டான்.

"தல எந்தப் பக்கம் வெச்சிருந்தீங்க?"

கையைக் காட்டினேன். அவன் அந்தப் பக்கம் போய்க் குனிந்தான்.